தைராய்டு மாந்தம்

வெங்கடலட்சுமியின் வாய் தறிச் சத்தத்தையும் மீறிக் கேட்கும் என்று கருமத்தம்பட்டியில் சொல்வார்கள். அதில் மிகை ஒன்றும் இல்லை. வேங்கடசாமியின் தறிக் குடோனில் பன்னிரண்டு விசைத்தறிகள் ஓடின. அந்த இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் என்ன சொல்கிறார் என்பதை உதட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அவள் பேசினால் மட்டும் வாசலில் சைக்கிளை நிறுத்துகிறவனுக்கும் கேட்கும். அவள் கணவன் ரங்கராஜ் அங்கே தறி ஓட்டினான். அவள் மூலையில் இருந்த மிஷினில் தார் சுற்றினாள். தறியில் குறுக்கே பாய்கிற நாடாவுக்குள் வைக்கும் சின்னக் கட்டையில் நூல் சுற்றித் தருகிற வேலை அது. தார் தீர்ந்தால் தறி நிற்கும், தறி நின்றால் முதலாளியின் முகம் போகிற போக்கைப் பார்க்க முடியாது. வெங்கடலட்சுமி சுற்ற உட்கார்ந்தால் எந்தத் தறியும் நின்றதில்லை. அந்தப் பெருமை அவளுக்கு நிறையவே இருந்தது.

1993ஆம் வருஷம் ஆவணியில் அந்த வாய்க்குப் புதிய விஷயம் ஒன்று கிடைத்தது. அவளுடைய இரண்டாவது பெண் பிரீத்திகா, மூன்று மாதக் குழந்தை, அழுவதே இல்லை.

“அட, அதையேன் கேக்கறீங்க! இத்தனை தறி ஓடுது, கண்ணு முழிக்கறாளான்னு பாருங்க. பாலைக் குடுத்துத் தொட்டில்ல போட்டா நானா எழுப்பற வரைக்கும் சத்தமில்லீங்க. இப்படியொரு சமத்து எந்த ஊட்லயாச்சும் உண்டுங்களா?”

நூல் மூட்டை இறக்க வந்தவனிடம் சொன்னாள். பால்காரரிடம் சொன்னாள். கோயில் வரி கேட்டு வந்தவர்களை நிற்க வைத்துச் சொன்னாள். அதோடு விட்டாளா என்றால் இல்லை. பிள்ளை அழுகிறது என்று கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்ற இளம் தாய்மார்களுக்கு, “புள்ளைய வளத்தற மாதிரி வளத்தோணும் அம்மணி” என்று பாடமும் எடுத்தாள்.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. மூத்தவள் தேஜஸ்ரீ கைக்குழந்தையாக இருந்தபோது பகலும் இரவும் கத்தித் தீர்த்தவள். அவளைத் தோளில் போட்டுத் தட்டியே இரண்டு வருஷம் போயிற்று. அந்த இரண்டு வருஷமும் தார் மிஷினில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள். குடோன் வாசல் வழியாகப் போகும்போதெல்லாம் அந்தப் பெண் நூலை அறுத்து அறுத்து முடிபோடுவதைப் பார்த்து வெங்கடலட்சுமிக்குக் கை பரபரக்கும். இந்த முறை பிள்ளை பெற்ற ஐம்பதாம் நாளே தொட்டிலை மிஷின் பக்கத்தில் கட்டி வேலைக்கு உட்கார்ந்துவிட்டாள். தூங்குகிற பிள்ளை அவளுக்கு வரமாகத் தெரிந்தது.

ஒரு புதன்கிழமை தடுப்பூசி போட ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனாள். ஊசி குத்தியதும் பிரீத்திகா ஒருமுறை முனகினாள். தொண்டை கட்டியவர் இருமுவது போல் கரகரவென்று ஒரு சத்தம். அப்புறம் மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள். நர்ஸம்மா ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் குழந்தையின் சட்டையைத் தூக்கிப் பார்த்தார். தொப்புள் பிதுங்கியிருந்தது. தோல் வறண்டு, தொட்டால் சில்லென்றிருந்தது. நாக்கு கொஞ்சம் பெரிதாக, உதட்டைத் தாண்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

“பொறந்தப்ப மஞ்சள் இருந்துச்சுங்களா?”

“ஒரு மாசத்துக்கு மேல இருந்துச்சுங்க. அப்பறம் தானாப் போயிருச்சு.”

“எத்தனை நாளைக்கு ஒருக்கா வெளிய போகுது?”

“அதுவும் நாலு நாளைக்கு ஒருக்காத்தானுங்க. துணி துவைக்கற வேலையே வெக்கறதில்லீங்க எங்க பாப்பா” என்றாள் வெங்கடலட்சுமி, சிரித்துக்கொண்டே.

நர்ஸம்மா சிரிக்கவில்லை. “இது பெருமைப்படற சங்கதி இல்லீங்க” என்று ஒரு சீட்டில் கோயம்புத்தூர் குழந்தை டாக்டர் ஒருவரின் பேரை எழுதிக் கொடுத்தார். வரிசையில் நின்ற பெண்கள் காதில் அது விழுந்துவிட்டதே என்பதுதான் அப்போது வெங்கடலட்சுமியின் கவலை.

டாக்டரின் பேர் நஃபீசா. டவுன்ஹால் பக்கத்தில் ஒரு மாடியில் சின்ன கிளினிக். ஐம்பது வயதிருக்கும். அதட்டாமல் பேசுகிறவர். குழந்தையை ஒரு பொருளைப் போல் புரட்டாமல், அதனிடம் கேட்டுக் கேட்டுப் பார்த்தார். இரத்தம் எடுத்து அனுப்பினார். நாலு நாள் கழித்து முடிவு வந்ததும் ரங்கராஜையும் வெங்கடலட்சுமியையும் எதிரில் உட்கார வைத்து விளக்கினார்.

“கழுத்துக்குள்ள தைராய்டுன்னு ஒரு சுரப்பி இருக்கு. அதுலயிருந்து வர்ற சத்தை வெச்சுத்தான் குழந்தையோட மூளையும் உடம்பும் வளரணும். உங்க பாப்பாவுக்கு அது கொஞ்சம் மந்தமா வேலை செய்யுது. தைராய்டு மந்தம்னு வெச்சுக்குங்க. ரத்தத்துல அஞ்சுக்குள்ள இருக்கவேண்டிய ஒரு அளவு பதினெட்டு இருக்கு. ரொம்ப மோசம்னும் சொல்ல முடியாது, சரியாயிருக்குன்னும் சொல்ல முடியாது. தானாச் சரியாகற வகையா, நிரந்தரமான்னு இப்பத் தெரியாது. ஆனா மூளை வளர்ற காலம் இது. பொறுத்திருந்து பாக்கற விஷயமில்ல.”

மருந்தையும் எழுதினார். தினமும் காலையில் வெறும் வயிற்றில் கால் மாத்திரை, கரண்டியில் நுணுக்கித் தாய்ப்பாலில் கரைத்துக் கொடுக்க வேண்டும். ஆறு வாரம் கழித்து மறுபடி இரத்தம் பார்க்க வேண்டும். ஒரு நாள்கூட விடக்கூடாது என்பதை இரண்டு முறை சொன்னார். கீழே மருந்துக் கடைக்காரர் ஒரு மாத்திரையைப் பிளேடால் நாலாக நறுக்கியும் காட்டினார்.

பஸ்ஸில் வரும்போது வெங்கடலட்சுமி குழந்தையின் கழுத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள். வீக்கமில்லை, கட்டியில்லை. பூப்போலத்தான் இருந்தது. டாக்டர் சொன்னதில் பாதி அவளுக்கு எட்டவில்லை. எட்டியதில் ஒரு வார்த்தை நன்றாகத் தெரிந்த வார்த்தையாக இருந்தது. டாக்டர் மந்தம் என்றார். இவள் காதில் மாந்தம் என்று விழுந்தது.

மாந்தம் தெரியாத தாய் யார்? பால் செரிக்காமல் பிள்ளை சோர்ந்து கிடந்தால் மாந்தம். வயிறு உப்பினால் மாந்தம். வேலிப்பருத்தித் தழையைக் கசக்கிச் சாறு கொடுத்தால் மூன்றே நாளில் போய்விடுகிற சீக்கு. குடோனில் அவளோடு வேலை செய்த பங்காரம்மா மறுநாள் விசாரித்தபோது, “தைராய்டு மாந்தமாமுங்கக்கா” என்று சொன்னாள். நாலு பிள்ளை வளர்த்த பங்காரம்மா கை ஆட்டிச் சிரித்தாள்.

“மாந்தத்துல எத்தனை மாந்தம் கேட்டிருக்கறேன், இது புதுசா இருக்குது போ! டவுன் டாக்டருகன்னா எதுக்கும் ஒரு இங்கிலீசுப் பேரை ஒட்டிப்போடுவாங்க.”

ஆனாலும் முதல் பன்னிரண்டு நாள் வெங்கடலட்சுமி மாத்திரையை ஒழுங்காகத்தான் கொடுத்தாள். காலையில் பல் துலக்கியதும் கரண்டியைக் கழுவி, கால் துண்டை நுணுக்கிக் கொடுத்துவிட்டுத்தான் அடுத்த வேலை.

எட்டாம் நாள் பிரீத்திகா விழித்துக்கொண்டாள். ஒன்பதாம் நாள் அழுதாள். பத்தாம் நாள் மூத்தவளைப் போலவே வீறிட்டு அழுதாள், அதுவும் குடோனில், தறி ஓடும்போது. தொட்டிலை ஆட்டினால் கையில் நூல் அறுந்தது. நூலை முடிந்தால் தொட்டிலில் அழுகை ஏறியது. பதினோராம் நாள் இரண்டு தறிகள் தாருக்காக நின்றன. வேங்கடசாமி வந்து மூலையைப் பார்த்துவிட்டு, “ஏனம்மணி, சமத்துப் புள்ளைன்னியே” என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். அந்த ஒரு சொல் அவளுக்குச் சுருக்கென்று குத்தியது. ஊரெல்லாம் பேசிய பேச்சு ஒவ்வொன்றும் திரும்பி வந்து முகத்தில் விழுவதாக இருந்தது.

பங்காரம்மா வேலிப்பருத்தித் தழையைப் பறித்து வந்து கொடுத்தாள். “நல்ல புள்ளையை மருந்து குடுத்தே கெடுத்துப்போட்டாங்க. இந்தச் சாறு ஒரு சொட்டு நாக்குல தடவு. இங்கிலீசு மருந்தையும் பச்சிலையையும் சேத்துக் குடுக்காதே, ஒத்துக்காது” என்றாள்.

பதின்மூன்றாம் நாள் காலை வெங்கடலட்சுமி மாத்திரை பாட்டிலைத் திறக்கவில்லை. வாரம் ஒன்று கழியுமுன் பிரீத்திகா மறுபடி தூங்க ஆரம்பித்தாள். தார் மிஷின் பழையபடி ஓடியது. மாந்தம் போய்விட்டது என்று பங்காரம்மாவிடம் சொன்னாள். ரங்கராஜ் தினமும் விடியற்காலையிலேயே குடோனுக்குப் போகிறவன். மருந்து நடக்கிறது என்று நினைத்துக்கொண்டான். அவள் திருத்தவில்லை.

காது தப்பாகக் கேட்டது உண்மை. ஆனால் அந்தத் தப்பை இடுப்பில் முடிந்து வைத்துக்கொண்டது காது அல்ல. மாந்தம் என்றால் பிள்ளை எதற்காக மருந்து குடித்ததும் விழித்துக்கொண்டது, நிறுத்தியதும் எதற்காகத் துவண்டது என்று யோசிக்க அவளுக்குத் தெரியும். அறுந்த நூலை ஆயிரம் இழையில் கண்டுபிடிக்கிறவளுக்கு இது தெரியாதா? மத்தியான வேளையில் தொட்டிலுக்குள் எட்டிப் பார்ப்பாள். கண் பாதி திறந்து, நாக்கு நீட்டி, பிள்ளை அசையாமல் கிடக்கும். உடனே மிஷின் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

முப்பது நாள் அப்படிப் போயிற்று.

ஆறு வாரம் முடிந்ததும் இரத்தம் கொடுத்து, முடிவுக்காக இருவரும் கிளினிக்குக்குப் போனார்கள். நஃபீசா டாக்டர் தாளைப் பார்த்தார். பழைய தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்து மறுபடி பார்த்தார். பதினெட்டு நாற்பத்தாறு ஆகியிருந்தது.

“மருந்து தினமும் குடுத்தீங்களாம்மா?”

“ஆச்சுங்க” என்றாள் வெங்கடலட்சுமி.

இந்த ‘ஆச்சுங்க’வை எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சாப்பிட்டீர்களா என்றால் ஆச்சுங்க. கல்யாண வேலை முடிந்ததா என்றால் ஆச்சுங்க. முடிந்ததற்கும் ஆச்சு, முடியாததைப் பற்றி மேற்கொண்டு கேட்க வேண்டாம் என்பதற்கும் அதே ஆச்சு. மரியாதையான வார்த்தை. அதற்குள் எதை வேண்டுமானாலும் ஒளித்து வைக்கலாம். பக்கத்தில் ரங்கராஜும் நம்பிக்கையோடு தலையாட்டினான்.

“ஒரு நாளும் விடலையே?”

“இல்லீங்க.”

இதற்கு மேல் ஒளிய இடமில்லை. இது முழுப் பொய்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டார். பிறகு சொன்னார்:

“அப்ப தப்பு என்னோடதும்மா. குழந்தை சின்னதுன்னு பயந்து நான் மருந்தைக் கம்மியா ஆரம்பிச்சுட்டேன். ஆறு வாரம் வீணாப் போச்சு. இந்த வயசுல ஆறு வாரம்னா சாதாரணமில்ல. என்னை மன்னிச்சுக்குங்க.”

சொல்லிவிட்டு அரை மாத்திரை என்று எழுதினார். இதிலும் குறையாவிட்டால் வேறு ஏதோ கோளாறு இருக்கிறது, வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பித்தான் பார்க்க வேண்டும் என்றார். ரங்கராஜ் சீட்டை வாங்கிக்கொண்டு கீழே மருந்துக் கடைக்குப் போனான்.

வெங்கடலட்சுமி வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். மடியில் பிள்ளை தூங்கியது. அவளிடம் இதுவரை யாரும் மன்னிப்புக் கேட்டதில்லை. முதலாளி கேட்டதில்லை, கட்டிய கணவனும் கேட்டதில்லை. வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒருவர் கேட்டார். அதுவும் செய்யாத தப்புக்கு. அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. யாராவது பார்க்கிறார்களா என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எழுந்து போய்விடலாம், வீட்டுக்குப் போய் இன்றிலிருந்து ஒழுங்காகக் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும், யாருக்கும் தெரியாது என்று ஒரு நினைப்பு ஓடியது. அப்போதுதான் உறைத்தது. கொடுக்க வேண்டியது இப்போது அரை மாத்திரை. காலே கொடுக்கப்படாத குழந்தைக்கு, கால் போதவில்லை என்று எழுதிய அரை. தன் பொய்யை இனி பிள்ளைதான் விழுங்க வேண்டும்.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். டாக்டர் எதிரில் ஒரு இளம் தம்பதி, கையில் குழந்தையோடு உட்கார்ந்திருந்தார்கள்.

“கொஞ்சம் வெளிய இருங்கம்மா, கூப்பிடறேன்.”

வெளியே போய் உட்கார்ந்தால் மறுபடி எழுந்திருக்க மாட்டோம் என்று அவளுக்குத் தெரிந்தது. நின்ற இடத்திலேயே நின்று சொன்னாள். டாக்டருக்குக் கேட்கவில்லை.

“என்னம்மா? சத்தமாச் சொல்லுங்க.”

பன்னிரண்டு தறிக்கு மேலே கேட்ட குரல் அது. அன்றைக்கு ஒரு மேஜைக்கு அந்தப் பக்கம் எட்டவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி சொன்னாள்.

“மருந்து குடுக்கலீங்க. பன்னண்டு நாளுதான் குடுத்தனுங்க. அப்பறம் நிறுத்திப்போட்டனுங்க. உங்க மேல தப்பில்லீங்க.”

எதிரில் உட்கார்ந்திருந்த அந்த இளம் பெண் தன் குழந்தையை இன்னும் கொஞ்சம் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். வெங்கடலட்சுமி பார்த்தாள். வேண்டுமென்று செய்ததல்ல அது. ஆனால் அதை அவள் சாகும்வரை மறக்கப் போவதில்லை.

டாக்டர் முதலில் செய்தது, கீழே கடைக்கு ஆள் அனுப்பி அந்தச் சீட்டைத் திரும்ப வாங்கி வரச் சொன்னதுதான். அப்புறம் கேட்டார்: “ஏம்மா?”

மாந்தம் என்று நினைத்தேன் என்றாள். பச்சிலையும் மாத்திரையும் ஒத்துக்காது என்றார்கள் என்றாள். டாக்டர் கேட்டுக்கொண்டார். மேற்கொண்டு காத்திருந்தார். அந்தக் காத்திருப்பு தாங்காமல் மீதியும் வெளியே வந்தது.

“மருந்து குடுத்தா அழுகறாளுங்க. அழுதா எனக்குத் தார் சுத்த முடியறதில்லீங்க. தூங்கினா நல்லாயிருந்துச்சுங்க. எனக்கு நல்லாயிருந்துச்சுங்க.”

சொல்லி முடித்துத் திரும்பினால் வாசலில் ரங்கராஜ் மருந்துப் பையோடு நின்றுகொண்டிருந்தான். எவ்வளவு கேட்டான் என்று தெரியவில்லை. முகத்தைப் பார்த்தால் எல்லாம் கேட்டிருப்பான் என்றுதான் தோன்றியது.

டாக்டர் கால் மாத்திரை என்று புதிதாக எழுதினார். மூன்று வாரத்தில் திரும்ப வரச் சொன்னார். “அழுகறது நோயில்லம்மா. பசிச்சா அழணும், ஈரமானா அழணும். அழாம இருந்ததுதான் நோய்” என்று குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே சொன்னார். திட்டவில்லை. திட்டியிருந்தால் வெங்கடலட்சுமிக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

பஸ்ஸில் ரங்கராஜ் குழந்தையைத் தானே வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தான். பஸ் அவிநாசி ரோட்டில் ஏறியது. பங்காரம்மாக்கா சொன்னதால்தான் நிறுத்தினேன் என்று அவள் மெல்ல ஆரம்பித்தாள். அவன் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வையிலேயே வாய் அடைத்துப்போயிற்று. நல்லது நினைத்துத் தழை பறித்துக் கொடுத்தவள் தலையில் இதைப் போடப் பார்த்தோமே என்று அதற்கும் சேர்த்து வெட்கப்பட்டாள்.

மறுநாளிலிருந்து மாத்திரை பாட்டில் ரங்கராஜ் வசமாயிற்று. குடோனுக்குப் போகுமுன் அவனே கரண்டியைக் கழுவுவான், அவனே நுணுக்குவான், பாலுக்கு மட்டும் அவளிடம் கையை நீட்டுவான். “ஏனுங், நான் குடுக்கறனே” என்று ஒருநாள் கேட்டுப் பார்த்தாள். “இருக்கட்டும்” என்றான். கோபமாகச் சொல்லவில்லை. வீட்டில் தெலுங்கில் பேசிக்கொள்ளும் அவர்கள் சண்டை என்றால் நன்றாகவே சண்டை போடுவார்கள். இதைப் பற்றி மட்டும் சண்டையே வரவில்லை. மூன்று வருஷம் அவன் ஒருநாள் தவறாமல் கொடுத்தான். காய்ச்சலில் கிடந்தபோதுகூட எழுந்து வந்து கொடுத்துவிட்டுப் போய்ப் படுத்தான்.

பிரீத்திகா விழித்துக்கொண்டாள். அழுதாள், சிரித்தாள், கை நீட்டினாள். நாக்கு உள்ளே போயிற்று. தொப்புள் அமுங்கியது. இரத்தத்தின் கணக்கு மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் நின்றது. மருந்தின் அளவை வயதுக்கும் எடைக்கும் தக்கபடி டாக்டர் கூட்டிக்கொண்டே வந்தார். வெங்கடலட்சுமி தார் மிஷினை விட்டு ஒரு வருஷம் விலகியிருந்தாள். முதலாளி ஆள் அனுப்பியும் போகவில்லை.

ஆனால் எல்லாப் பிள்ளைகளும் ஆறேழு மாதத்தில் உட்கார்ந்தால் இவள் ஒன்பதில் உட்கார்ந்தாள். ஒன்றரை வயதுக்குப் பிறகுதான் நடந்தாள். “சில புள்ளைக தாமசமாத்தான் நடக்கும், அதுக்கென்ன கண்ணு” என்று பங்காரம்மா தேற்றுவாள். தேற்றுகிறவளுக்கு முப்பது நாள் கதை தெரியாது. தெரியாதவள் தேற்றுவது எப்படி ஒட்டும்? வெங்கடலட்சுமி தலையாட்டிவிட்டு அப்பால் போய்விடுவாள். அவள் வாய் எங்கே போயிற்று என்று குடோனில் கேலி பேசினார்கள். குழந்தை அழுகிறது என்று யாராவது அலுத்துக்கொண்டால் இப்போதெல்லாம் அவள் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுகிறாள்.

1996இல் பிரீத்திகாவுக்கு மூன்று வயது முடிந்தது. டாக்டர் சொன்னார்: “மூளை முக்கால்வாசி வளர்ந்தாச்சு. இப்ப ஒரு மாசம் மருந்தை நிறுத்திட்டு ரத்தம் பாப்போம். சுரப்பி தானா வேலை செஞ்சா மருந்தே வேண்டாம். இல்லேன்னா ஆயுசுக்கும் வேணும்.”

நிறுத்துவது என்ற வார்த்தையைக் கேட்டதுமே வெங்கடலட்சுமி பிள்ளையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அந்த மாதம் முழுக்கப் பிள்ளை கண் மூடினால் போதும், மூக்கின் கீழ் விரல் வைத்துப் பார்த்தாள். மத்தியானம் கொஞ்சம் கூடுதலாகத் தூங்கினால் தட்டி எழுப்பினாள். செவ்வாய், வெள்ளி தவறாமல் மாரியம்மன் கோயிலுக்குப் போனாள். ஒண்ணுமில்லைன்னு வரோணும் தாயே, ஒண்ணுமே இல்லைன்னு வரோணும்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை சன்னிதியில் கைகூப்பி நின்றபோது அவளுக்கே ஒன்று புரிந்துபோயிற்று. பிள்ளைக்கு நோயே இல்லை என்று வந்தால் அன்றைக்கு நிறுத்தியதும் தப்பில்லை என்று ஆகிவிடும். மூன்று வருஷமாக நெஞ்சில் உட்கார்ந்திருப்பது இறங்கிவிடும். கணவன் முகத்தை நேராகப் பார்க்கலாம். வேண்டுதல் மகளுக்காகவா, தனக்காகவா? கூப்பிய கையைச் சட்டென்று இறக்கிவிட்டாள். அம்மன் முகத்தைப் பார்க்கவும் வெட்கமாக இருந்தது. விபூதி வாங்காமல் வெளியே வந்தாள்.

முடிவு வந்த அன்றைக்கு மூவரும் போனார்கள். ஐம்பத்திரண்டு என்றார் டாக்டர். ஆயுசுக்கும் மருந்து வேண்டும், மற்றபடி பயப்பட ஒன்றுமில்லை, படிக்கலாம், வேலைக்குப் போகலாம், கல்யாணம் செய்யலாம் என்றார்.

வெங்கடலட்சுமி மூன்று வருஷமாகக் கேட்க நினைத்ததைக் கேட்டாள். “அந்த முப்பது நாளுங்க. அதனால ஏதாச்சும் குறைஞ்சிருக்குங்களா?”

நஃபீசா டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். பிரீத்திகா மேஜை மேல் உட்கார்ந்து ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டிக்கொள்ளப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பாப்பா நல்லாத்தான் இருக்கா. அந்த நாளும் மருந்து போயிருந்தா இன்னும் எப்படி இருந்திருப்பான்னு யாராலயும் சொல்ல முடியாது. நானும் பொய் சொல்ல மாட்டேன்.”

வெங்கடலட்சுமி தலையசைத்தாள். டாக்டர் பேச்சை மாற்ற நினைத்துக் குழந்தையின் பக்கம் திரும்பினார்.

“நாளையிலிருந்து மறுபடி தினமும் மாத்திரை சாப்பிடணும். அம்மா குடுப்பாங்க, அடம் பண்ணாம முழுங்கணும், சரியா கண்ணு?”

பிரீத்திகா ஸ்டெதஸ்கோப்பை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். டாக்டருக்கு ஒரு விஷயம் தெரியவில்லையே என்று திருத்துகிற மாதிரி, மரியாதையாகச் சொன்னாள்.

“அம்மா குடுக்காதுங்க. நைனாதான் குடுக்கும். அம்மாளுக்குக் குடுக்கத் தெரியாதுங்க.”

டாக்டர் எழுதி முடித்த சீட்டை நீட்டினார். மூன்று வருஷப் பழக்கத்தில் ரங்கராஜின் கை தானாக நீண்டது. பாதியில் நின்றது. பிறகு அவன் அந்தக் கையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டு மனைவியைப் பார்த்தான்.

சீட்டு மேஜைக்கு மேலேயே நின்றது. வெங்கடலட்சுமி இரண்டு கையாலும் அதை வாங்கிக்கொண்டாள். மகளின் பக்கம் பார்க்க முடியவில்லை. தலையைக் குனிந்துகொண்டே, எத்தனை மணிக்குக் கொடுக்க வேண்டும், எவ்வளவு பாலில் கரைக்க வேண்டும் என்று முதலிலிருந்து கேட்க ஆரம்பித்தாள். டாக்டரும் ஒன்றும் தெரியாதவளுக்குச் சொல்வது போல் முதலிலிருந்தே சொன்னார்.